அன்று நான் கொடுத்த ஆரஞ்சு மிட்டாய்

பாரிக்கு,

பதினேழு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனியும் இருப்பதற்கில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை நீ போன் செய்தபோது நான் கூடத்தில் உட்கார்ந்து உனக்கும் மீனாவுக்கும் நடக்கப்போகிற கல்யாணத்தின் பத்திரிகைகளின் ஓரத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். "அப்பா, பிரேமா அக்கா உயிரோட இருக்காங்கப்பா" என்றாய். நீ சிரிக்கிறாயா அழுகிறாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. மீனாதான் தேடிக் கண்டுபிடித்தாள், வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் அதே பழைய வேலையில்தான் இருக்கிறார், பேரைச் சொன்னதும் "மாங்கா மழை தம்பியா?" என்று கேட்டார், கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டார் என்று மூச்சு விடாமல் சொன்னாய். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இத்தனை வருஷமா அவங்க செத்துப்போயிட்டாங்கன்னுதானேப்பா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாய். நான் "இங்க டவர் சரியா இல்லப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது.

நீ படுத்திருந்த அந்த வார்டை விட்டு அவர் ஏன் போனார் என்பது எனக்குத் தெரியும். நான் போக வைத்தேன். அவர் இறந்துவிட்டார் என்று நீ ஏன் நினைத்தாய் என்பது போன ஞாயிறு வரை எனக்குத் தெரியாது. அதற்கும் காரணம் நான்தான் என்பது போனை வைத்த மறு நிமிடம் புரிந்தது. நான் பேசாமல் இருந்தால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை. பிரேமா வருவார், நான் வாசலில் நின்று கும்பிட்டு உள்ளே அழைத்துப்போவேன், சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பேன், எல்லாம் சுமுகமாக நடக்கும். அப்படி நடந்துவிடும் என்பதுதான் என்னை இப்போது எழுத வைக்கிறது. இதைப் படித்த பிறகு மணமேடையில் நான் உன் பக்கத்தில் நிற்பதை நீ விரும்பாமல் போகலாம். அதையும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. காலில் நீலநீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் யாரோ அடித்திருக்கிறார்கள் என்று ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். அது என் சுபாவம். எது நடந்தாலும் முதலில் குற்றவாளியைத் தேடுவேன். பிறகு காய்ச்சல், ஈறில் ரத்தம், இங்கே எடுத்த ரத்தப் பரிசோதனை, நாலு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியின் பெயர் இந்தக் கடிதத்தில் வேண்டாம், தப்பு அவர்களுடையது அல்ல. ரத்தப் புற்றுநோய், பிள்ளைகளுக்கு வரும் வகை, மருந்துக்குக் கட்டுப்படக்கூடியது என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதில் முதல் இரண்டு வார்த்தைக்கு மேல் என் காதில் எதுவும் ஏறவில்லை. வெளியே வந்ததும் உன் அம்மாவிடம் நான் சொன்ன முதல் வாக்கியம், "தம்பிக்குத் தெரியக் கூடாது" என்பது. உன்னிடம், ரத்தத்தில் சத்து குறைவு, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றேன். நீ என் முகத்தைப் பார்த்து, "எத்தனை ஊசிப்பா?" என்று மட்டும் கேட்டாய்.

ஊரில் நடந்ததை நான் மறக்கவில்லை. கோவில்பத்தில் நம் பக்கத்து வீட்டுக்காரி, தன் பிள்ளை நம் வீட்டு டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டான் என்று வாய் கொப்பளிக்க வைத்தாள். என் தம்பி, உன் சித்தப்பா, தருமபுரத்தில் உட்கார்ந்துகொண்டு சொந்தக்காரர்களிடம் "அந்தப் பையன் தேற மாட்டான்" என்று சொன்னான். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவைகூட வரவில்லை. எம்.ஏ. படித்துவிட்டு இருபது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வை, அடிக்கடி லீவு எடுக்கிறார் என்று காரணம் காட்டி இன்னொருவனுக்குக் கொடுத்தார்கள். இவை ஒன்றையும் நான் விட்டுவிடவில்லை. எனக்கு அப்போது பயம் என்று சொல்லத் தெரியாது, கோபம் என்றுதான் சொல்லத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராக பஸ் ஏறி வந்து, ஞாயிறு மதியம் திரும்பும் வரை அந்தக் கோபத்தோடுதான் உன் படுக்கை அருகே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் இருந்தது, உனக்கு நினைவிருக்கும். ஒரு கட்டச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிற பிள்ளை, கண்ணாடித் தாளில் சுற்றிய ஆரஞ்சு மிட்டாயைப் படுக்கை படுக்கையாகப் போய்க் கொடுக்கும். மொட்டைத் தலையும் முகமூடியுமாகப் பிள்ளை முன்னால் போக, தாய் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போவாள். யார் தொடங்கி வைத்தார்கள் என்று தெரியாது. நீயும் "நான் எப்பப்பா மிட்டாய் கொடுப்பேன்?" என்று கேட்பாய்.

உன் அடுத்த படுக்கையில் கௌசல்யா இருந்தாள். ஏழு வயது. கிளிஞ்சல்மேட்டில் ஃபைபர் படகு வைத்திருந்த செல்வராசுவின் மகள். நம் ஊர்ப் பக்கம் என்பதால் உங்கள் இருவருக்கும் நல்ல ஒட்டுதல். நீ அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பாய், அவள் உனக்கு மீன் பேர் சொல்லிக்கொடுப்பாள், தப்பாகச் சொன்னால் "அய்ய, இவனுக்குக் காலா மீனே தெரியல" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். ஒரு செவ்வாய்க்கிழமை அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை நான் வந்து இறங்கியபோது செல்வராசு வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கௌசல்யா போய்விட்டாள் என்று அவர் நின்ற விதமே சொன்னது. "உள்ள புள்ளைங்க கேக்குதுங்க சார், கௌசி எங்கன்னு. நா என்ன சொல்லட்டும்?" என்றார்.

அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. எதிர்க்கடையில் ஒரு பாக்கெட் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வந்து, படுக்கை படுக்கையாக நானே போய்க் கொடுத்தேன். "கௌசிக்கு சரியாயிடுச்சு. கார் வந்துடுச்சு, அவசரமா கெளம்பிட்டா. உங்களுக்கெல்லாம் கொடுக்கச் சொன்னா." பிள்ளைகள் வாங்கிக்கொண்டன. யாரும் அழவில்லை. செல்வராசு என் கையைப் பிடித்து, "நல்லது பண்ணீங்க சார்" என்றார். அதன் பிறகு அதுவே ஏற்பாடாகிவிட்டது. இன்னும் மூன்று முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் வார்டில் இருந்த பெற்றோர்கள் படித்தவர் என்று என்னைத்தான் தேடி வந்தார்கள். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. ஆபீஸில் எவனும் என்னை மதிக்கவில்லை, இங்கே ஒரு காரியத்துக்கு நான் தேவைப்படுகிறேன் என்று நினைத்தேன். உண்மையில் வீட்டுக்குப் போகிற பிள்ளை தானே வந்து மிட்டாய் கொடுக்கிறது, பெரியவர்கள் வந்து கொடுத்தால் அந்தப் பிள்ளை இனி வராது. ஒன்பது வயதுக் குழந்தை இதைக் கணக்குப் போட எவ்வளவு நேரமாகும்? நான்தான் கணக்குப் போடவில்லை.

பிரேமா வாரத்தில் நாலு நாள் வருவார். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, நோயாளிப் பிள்ளைகளின் மனதைப் பார்த்துக்கொள்கிற வேலை என்றார்கள். முப்பது வயதுகூட இருக்காது. தரையில் உட்கார்ந்துகொள்வார். துணிப் பொம்மையின் கையில் நிஜ ஊசிக் குழாயை ஒட்டிக் கொடுப்பார், அதற்கு நீங்கள் மருந்து ஏற்றலாம், திட்டலாம், வலித்தால் கத்தச் சொல்லலாம். முதுகில் போடுகிற ஊசிக்கு முன்னால் உன்னிடம், "இது வலிக்கும். பத்து எண்ணுற வரைக்கும் வலிக்கும். அதுவரைக்கும் என் கையை எவ்வளவு வேணாலும் நசுக்கிக்க" என்று சொல்வார். நான் "வலிக்காதுடா" என்று சொல்கிறவன். நீ அவர் கையைத்தான் பிடித்தாய். எங்கே போக ஆசை என்று வரையச் சொன்னபோது சாமி ஊர்வலத்தில் மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிற நம் மாங்கனித் திருவிழாவை நீ வரைந்தாய். மாடியெல்லாம் ஆட்கள், வானமெல்லாம் மாம்பழம். அவருக்கு நம் ஊர்த் திருவிழா தெரியாது. "இது என்ன தம்பி, மாங்கா மழையா?" என்றார். நீ வாய்ப்புண்ணோடு அரைமணி நேரம் அவருக்கு விளக்கினாய். நான் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிற பிள்ளை.

உன் அம்மாவை அவர் புதன்கிழமைகளில் மற்றத் தாய்மார்களோடு வராந்தாவில் உட்கார வைப்பார். ஒரு முறை லீவு போட்டு வந்திருந்தபோது அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது. "புள்ள இந்தக் கதியில கெடக்கான், என்ன சிரிப்பு வேண்டிக்கெடக்கு?" என்று உன் அம்மாவைக் கேட்டேன். "அழுது முடிச்சுட்டோங்க. அதான்" என்றாள். அன்று அவள் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள். அதைக்கூட நான் கவனித்துக் கோபப்பட்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை அவர் என்னை உட்காரச் சொன்னார். "நீங்க எப்படி இருக்கீங்க சார்?" என்றார்.

"எனக்கென்ன? நோய் எம் பையனுக்கு."

"அதான் கேக்குறேன். நாலு மணி நேரம் பஸ்ல வரும்போது என்ன நெனச்சுக்கிட்டு வருவீங்க?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் விஷயத்துக்கு வந்தார். "தம்பி எங்கிட்ட ஒண்ணு கேட்டான். கௌசிக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கான்னு. உங்க அப்பா அம்மாகிட்ட பேசிட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். நீங்களே சொல்லுங்க சார். நான் பக்கத்துல இருக்கேன். அவன் வயசுக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு சொன்னா போதும்."

"சொன்னா பயந்தே செத்துருவான்."

"இப்பவும் பயந்துகிட்டுதான் சார் இருக்கான். தனியா பயப்படுறான். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு மறைக்கிறான்." பிறகு தயங்கிச் சொன்னார்: "அந்த மிட்டாயும் வேணாம் சார். புள்ளைங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. பெரியவங்க கையில மிட்டாயைப் பாத்தாலே ரெண்டு பேரு போர்வையை இழுத்து மூடிக்கிறாங்க."

அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று நினைத்திருந்ததை ஒரு சின்னப் பெண் வந்து தப்பு என்கிறாளே என்பது மட்டும்தான் எனக்குத் தைத்தது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அந்த இரண்டரை வருடத்தில் என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர். கேட்டிருக்கக் கூடாத கேள்வி அது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பதில் சொல்லத் தொடங்கியிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். உடையாமல் இருக்க எனக்கு ஒரு எதிரி தேவைப்பட்டது.

மொட்டைக் கடிதம் எப்படி எழுதுவது என்று அரசாங்க ஆபீஸில் இருக்கிறவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த மாதிரி எழுதினால் குப்பைக்குப் போகும், எந்த மாதிரி எழுதினால் விசாரிக்காமல் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அந்தத் திங்கட்கிழமை நாகப்பட்டினம் போய், என்னைத் தெரியாத ஒரு கடையில் டைப் அடித்தேன். "பாதிக்கப்பட்ட பெற்றோர்கள்" என்று போட்டேன். மேற்படி ஊழியர் குழந்தைகளிடம் நீங்கள் இறந்துவிடுவீர்கள் என்று சொல்லி மனதைக் கெடுக்கிறார், பெற்றோரின் அனுமதி இல்லாமல் நோயின் பெயரைச் சொல்கிறார், நடவடிக்கை இல்லையென்றால் பத்திரிகைக்குப் போவோம். அவ்வளவுதான். என் அனுமதிக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்த ஒருவரை, அனுமதி கேட்கவில்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போடவில்லை. அவர் ஒப்பந்த அடிப்படையில் இருந்தவர். விசாரணை என்று ஒன்று நடந்தது, மூன்றாவது வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்தில் அவர் எனக்காகக் காத்திருந்தார். நான் வரும் நேரம் அவருக்குத் தெரியும். "உள்ள விட மாட்டேங்குறாங்க சார். தம்பிகிட்ட நீங்க சொல்லிடுங்க. எனக்கு இங்க வேலை இல்லாம போச்சு, வேற ஊருக்குப் போறேன்னு உள்ளது உள்ளபடியே சொல்லுங்க. அவனால போகலன்னு சொல்லுங்க. புள்ளைங்க தாங்களா ஏதாவது நெனச்சுக்குவாங்க, அதான்" என்றார். சந்தேகப்பட்டு என்னைப் பார்த்தாரா என்றால், இல்லை. நான் தலையாட்டினேன். எதிர்க்கடையில் மிட்டாய் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா குளிக்கப் போயிருந்தாள். உன் கையில் ஒரு ஆரஞ்சு மிட்டாயை வைத்து, "பிரேமா அக்கா கெளம்பிட்டாங்கடா. உனக்குக் கொடுக்கச் சொன்னாங்க" என்றேன்.

நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு முதுகு ஊசிக்கு நீ அழுததே இல்லை. யார் கையையும் பிடிக்கவில்லை. "பையனுக்கு தைரியம் வந்துடுச்சு டாக்டர்" என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நீ பிழைத்தாய். மருந்து காப்பாற்றியது, டாக்டர்கள் காப்பாற்றினார்கள், உன் அம்மாவின் கை காப்பாற்றியது. வீட்டில் அதை "அந்த வருஷம்" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டோம், இரண்டரை வருடம் நீண்ட ஒன்றை. நீ ஆறாவது படிக்கும்போது சுதந்திர தினத்தன்று வாத்தியார் கொடுத்த ஆரஞ்சு மிட்டாயை வாங்க மறுத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய் என்று புகார் வந்தது. திமிர் என்று திட்டினேன். பதினைந்து வயதில் ஒரு முறை சளிக் காய்ச்சல் வந்தபோது, பீரோக் கண்ணாடி முன் நின்று கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாய். கதவு திறந்திருந்தது. நான் பார்த்தேன். நீ என்னைக் கண்ணாடியில் பார்த்தாய். நான் ஏதோ மறந்தவன் மாதிரி திரும்பிப் போய்விட்டேன். அன்று உள்ளே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, "நானும் பயந்துகிட்டுதான்டா இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாழ்க்கையில் திரும்ப ஒரு நிமிடம் கிடைக்கும் என்றால் நான் கேட்பது பதவி உயர்வை அல்ல, அந்தக் கதவருகே நின்ற நிமிடத்தை.

ஞாயிறு அன்று போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "அந்தக் கடுதாசி எழுதுனது நீங்கதானே?" என்றாள்.

நான் மஞ்சள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"விசாரணையில எங்களக் கூப்பிட்டு அந்தக் கடுதாசியப் படிச்சுக் காட்டுனாங்க. மேற்படி, மேற்படின்னு அஞ்சு எடத்துல வந்துச்சு. ரேஷன் கடைக்காரனுக்கே மேற்படி போட்டு எழுதுற ஆளு நம்ம ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான்."

"பதினேழு வருஷமா தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா ஒத்துக்கவா போறீங்க? சண்டைதான் வரும். மொதல்ல புள்ள பொழைக்கட்டும்னு இருந்துட்டேன். அப்புறம் புள்ள பொழைச்சுட்டான், இனிமே எதுக்குன்னு இருந்துட்டேன். நானும் தப்புதான்."

மிட்டாய் விஷயத்தை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது. "அந்த மிட்டாய அவன் ரொம்ப நாள் வச்சிருந்தான்" என்றாள். "பிசுபிசுத்து எறும்பு வந்துச்சு. எடுத்துப் போட்டதுக்கு ரெண்டு நாள் எங்கூடப் பேசல. நா என்னமோ ஆசையா வச்சிருந்தான்னு நெனச்சேன்." பிறகு எழுந்து உள்ளே போனாள். அன்று சமையல் ஆகவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் பத்திரிகை கொடுக்கிற சாக்கில் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். செல்வராசுவுக்கு முழங்கால் போய்விட்டது, படகை மருமகன் பார்க்கிறான். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் என்னை அடையாளம் கண்டு, "பாரிக்குக் கல்யாணமா? எம் புள்ள இருந்தா அதுக்கும் இப்ப ரெண்டு புள்ளைங்க இருக்கும்" என்று சிரித்தார். மிட்டாய் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "மறக்குமா? நீங்க கௌசி வீட்டுக்குப் போயிட்டான்னு சொல்லச் சொல்ல, நானே ஒரு நிமிசம் நம்பிட்டேன் சார். ஊட்டுல வந்து தேடுனேன்னா பாத்துக்கங்க." அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. வலையில் ஒரு சிக்கலை எடுத்துவிட்டு, "அதுக்கப்புறம் ஊருல ஒருத்தரும் அது பேரைச் சொல்றதில்ல. நா வருத்தப்படுவேனாம். அந்த பிரேமாம்மாதான் வருசா வருசம் கௌசி பொறந்த நாளைக்கு போன் பண்ணும். அது பேரைச் சொல்லிப் பேசும். நாங்களும் பேசுவோம். இந்த வருசமும் பண்ணுச்சே" என்றார்.

பாரி, நம் வீட்டிலிருந்து அந்த ஊர் பஸ்ஸில் கொஞ்ச நேரம். அங்கே செல்வராசுவின் போனில் பிரேமா இந்தப் பதினேழு வருடமும் உயிரோடு இருந்திருக்கிறார்.

மீனாவிடம் உன் நோயைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று உன்னோடு இரண்டு மாதம் சண்டை போட்டேன். நீ முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டாய். அவள் எழுந்து போகவில்லை. அந்த அக்கா யார், என்ன ஆனார் என்று உன்னைக் கேட்டிருக்கிறாள், நீ செத்துப்போனவர் என்று சொன்னதை அப்படியே விட்டுவிடாமல் தேடியிருக்கிறாள். உனக்கு நான் தரக்கூடிய புத்திமதி எல்லாம் அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உன்னிடம் பயமான கேள்வி ஒன்றைக் கேட்டால், அதன் கையில் எதையும் வைத்து அனுப்பிவிடாதே. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள். உனக்கு வருடா வருடம் பரிசோதனைக்குப் போக பயமாக இருந்தால் அதையும் மீனாவிடம் சொல். என்னிடம் சொல்ல வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கில்லை. சொன்னால் வருவேன். இப்போது எனக்கு நாலு மணி நேர பஸ் பயணத்தில் என்ன நினைத்துக்கொண்டு வந்தேன் என்று சொல்லத் தெரியும். சிதம்பரம் தாண்டியதும், இறங்காமல் அப்படியே போய்விடலாமா என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இறங்கினேன். இரண்டையும் நீ தெரிந்துகொள்.

உன் அம்மா உன் சித்தப்பாவுக்குரிய பத்திரிகையை மேலாக எடுத்து வைத்திருக்கிறாள். புதன்கிழமை தருமபுரம் போய்க் கொடுக்கப் போகிறேன். அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அவன் சொன்னது அப்படியே இருக்கிறது. ஆனால் பதினேழு வருடமாக அவனை நான் எதற்காக விலக்கி வைத்தேனோ, அதைவிடப் பெரியதைச் செய்தவன் நம் வீட்டுக்குள்ளேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்பதால் போகிறேன்.

இந்த உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது. அது பிரேமாவுக்கு. ஒட்டவில்லை, நீ முதலில் படி. அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியது நான், அதில் இருந்தது பொய் என்று இரண்டு பக்கத்தில் எழுதி, என் முழுப் பெயர், பதவி, வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் போட்டு, கீழே நீலமையில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அவர் பழைய இடத்துக்குக் காட்ட நினைத்தாலும் காட்டலாம், பயன்படட்டும் என்றுதான் அப்படி எழுதினேன். அதை அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னால் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா என்பது உன் முடிவு. கொடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே. படித்த பிறகு அவர் வர மாட்டேன் என்று சொன்னால், அந்த நஷ்டமும் என்னால் வந்தது என்று எழுதிக்கொள். நான் வரக் கூடாது என்று நீ சொன்னால் அதற்கும் தயாராக இருக்கிறேன். அம்மாவை மட்டும் தனியாக பஸ்ஸில் வர விடாதே, அவளுக்கு இப்போதெல்லாம் தலை சுற்றுகிறது.

இந்தக் கடிதத்தையும் கையெழுத்தோடுதான் முடிக்க நினைத்தேன். பெயரை எழுதிப் பார்த்தேன், மெமோவுக்குக் கொடுத்த விளக்கம் மாதிரி இருந்தது. "உன் அப்பா" என்று எழுதிப் பார்த்தேன், அதை எழுத வேண்டியவன் நான் இல்லை என்று தோன்றியது. அதனால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இந்தக் கடைசிப் பக்கத்தைப் புதிதாக எழுதுகிறேன். என் வாழ்க்கையில் கையெழுத்தில்லாமல் நான் தபாலில் போடும் இரண்டாவது கடிதம் இது. முதல் கடிதத்தை யார் எழுதினார்கள் என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று ஒளிந்துகொண்டேன். இதில் ஒளிய ஒன்றுமில்லை, என் எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும், மேற்படி கூட இதில் வந்துவிட்டது. கீழே கையெழுத்துக்கு இரண்டு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன். கடைத்தெருத் தபால் பெட்டியில் பதினொரு மணிக்கு எடுப்பார்கள், இப்போது பத்தரை. இப்படியே போடுகிறேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பதை நீ பார்த்துக்கொள்.